பாட்டு ஏன் சப்பென்று கேட்கிறது?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் மாமா போன வருடம் புது வீடு கட்டிக் குடிபோனார். பழைய ஓட்டு வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) இருபது வருடத்துக்கு மேல் பாடிய செட் ஒன்று அவரிடம் இருந்தது. ஈரோட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் 4440 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. (சிப்) வைத்து அசெம்பிள் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர், 12 இஞ்ச் வூஃபர் (தாழ்ந்த சுரங்களைப் பாடும் ஸ்பீக்கர்) மாட்டிய பிளைவுட் பெட்டி இரண்டு. புது ஹாலில் அந்தப் பெட்டிகள் வேண்டவே வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட, மாமா என்னிடம் யோசனை கேட்டார். நானும் அளவீட்டு அறிக்கைகளைத் தேடிப் படித்து, 5 இஞ்ச் வூஃபர் கொண்ட சின்ன ஸ்பீக்கர் ஜோடி ஒன்றையும் அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரையும் வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து போன் வந்தது.

"ஏனுங் மாப்ள, எல்லாம் தெளிவாத்தான் கேக்குதுங். ஆனா பாட்டு சப்புன்னு கெடக்குது. உப்புப் போடாத கொழம்பாட்ட."

இந்தப் புகாருக்கு ஆடியோ ஆர்வலர்களிடம் இரண்டு பதில் தயாராக இருக்கும். அவர் காது தப்பான சத்தத்துக்குப் பழகிவிட்டது, அதனால் சரியான சத்தம் ருசிக்கவில்லை என்பார்கள் ஒரு கட்சியினர். அளவீட்டைத் தூக்கி ஓரமாக வை, காதுக்குப் பிடித்ததுதான் நல்ல செட் என்பார்கள் மறு கட்சியினர். நான் முதல் கட்சியில் இருந்தவன். மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கிக் கேட்ட பிறகு இரண்டுமே அவசரப்பட்ட பதில் என்று பட்டது. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொல்வதற்குள் நாலைந்து காரணங்கள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அளக்கக்கூடியவை. மிச்சமிருப்பதுதான் ருசி.

முதலில் துல்லியம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பதிவில் இருக்கும் சிக்னலைக் கூட்டாமல் குறைக்காமல் காற்றில் அதிர்வாக மாற்றித் தருவதுதான் துல்லியம். மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறைந்தால் தாழ்ந்த சுரம், கூடினால் உச்ச சுரம். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். இந்த எல்லைக்குள் தாழ்ந்த சுரம், உச்ச சுரம் எதையும் தூக்கிக் காட்டாமல் பதிவில் உள்ள அளவிலேயே தந்தால் அந்தக் கருவி 'ஃபிளாட்' என்பார்கள். பதிவில் இல்லாத சுரங்களைக் கருவி தானாகச் சேர்த்தால் அது டிஸ்டார்ஷன். பாட்டுக்கு அடியில் ஓடும் 'உஸ்' சத்தம் இரைச்சல். இந்த மூன்றையும் கருவி வைத்து அளந்துவிடலாம்.

திருப்பூரில் டையிங் யூனிட் பக்கம் போனவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பையர் (துணி வாங்குபவர்) கேட்ட ஷேடு வந்திருக்கிறதா என்று துணியை லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே எரிவது டி65 என்று தரப்படுத்திய பகல் வெளிச்சம். அந்த பனியனை யாரும் லைட் பாக்ஸுக்குள் நின்று போட்டுக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் அதில்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பு சாயத்திலா, வெளிச்சத்திலா என்று தெரியாமலே சண்டை நடக்கும். என்ன நிறம் வேண்டும் என்பது பையரின் இஷ்டம், அதில் டையிங் மாஸ்டர் தலையிட மாட்டார். கேட்ட நிறம் வந்ததா என்பது அளவு. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் நாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். கடைக்காரர்களும் குழப்புகிறார்கள்.

ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரை துல்லியம் கிட்டத்தட்ட முடிந்துபோன வேலை. நடுத்தர விலையில் கிடைக்கும் நல்ல ஆம்ப்ளிஃபயரே 0.01 சதவீதத்துக்கும் குறைவான டிஸ்டார்ஷனில் ஓடுகிறது. பாட்டு ஓடும்போது அதைக் காது கண்டுபிடிக்காது. வயரும் அப்படித்தான். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 5 மீட்டர் இழுத்தால், போய் வர 10 மீட்டர். அதன் மின்தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் ஆகும் இழப்பு 0.1 டெசிபலுக்கும் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) குறைவு. பம்ப்செட்டுக்குக் கேபிள் கணக்குப் போடத் தெரிந்த எந்த எலக்ட்ரீஷியனும் இதைப் போட்டுக் காட்டிவிடுவார். ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதை ருசி என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எண்ணும் பொய் சொல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்ஸ்' என்று அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்து விற்ற செட்கள் ஞாபகம் இருக்கும். பின்னால் ஒட்டிய லேபிளைப் பார்த்தால் கரண்ட் எடுப்பது 50 வாட்டாக இருக்கும். உள்ளே போகாத சக்தி வெளியே வருமா? மோட்டார் ஊரான கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 5 குதிரைத்திறன் என்றால் தண்ணீர் வந்தாக வேண்டும். பி.எம்.பி.ஓ. ஒரு நொடிக்கும் குறைந்த உச்சத்தை இஷ்டத்துக்குக் கணக்கிட்டுச் சொன்ன எண். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. மாமாவின் பழைய 4440 ஐ.சி.யின் கணக்கு இடது, வலது ஒவ்வொரு பக்கத்துக்கும் 6 வாட். அந்த 6 வாட்டில்தான் ஆசாரம் முழுக்கப் பாட்டு நிறைந்திருந்தது.

சரி, அப்படியானால் புது செட்டில் எங்கே போனது பாட்டின் உயிர்? நான் முதலில் பார்த்தது மாமாவின் நாற்காலியை. ஹால் 12-க்கு 12 அடி, சுற்றிலும் சிமெண்ட் பூச்சு, கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். நாற்காலி நட்ட நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே. நம் ஊரில் எல்லார் வீட்டிலும் அங்கேதான் இருக்கும். வெயில் காலத்தில் வேறு எங்கே உட்கார முடியும்?

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 344 மீட்டர் வேகத்தில் போகிறது. 12 அடி என்பது 3.66 மீட்டர். அந்த நீளத்தில் சரியாக அரை அலை அடங்கும் அதிர்வெண் 47 ஹெர்ட்ஸ். அந்த சுரம் இரண்டு சுவர்களுக்கும் இடையில் மோதி மோதி நிற்கும்: சுவரோரம் பலமாக, நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல். அதன் மூன்று மடங்கான 141 ஹெர்ட்ஸுக்கும் நடு அறை செத்த இடம்தான். தபேலாவின் இடது பக்கமும் பேஸ் கிட்டாரும் நடமாடும் பகுதி இது. அறை சதுரமாக இருப்பதால் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரே எண் வருகிறது. குறை இரண்டு பங்காகிறது. மாமா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பாட்டின் அடிப்பகுதி வந்து சேரவே இல்லை. ஸ்பீக்கரின் அளவீட்டு அறிக்கையில், எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோட்டை எடுத்தது எதிரொலி இல்லாத சோதனைக் கூடத்தில். பழைய ஆசாரத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. ஓட்டு இடுக்கு வழியாகவும் திறந்த வாசல் வழியாகவும் தாழ்ந்த சுரம் வெளியே போய்விடும். அங்கங்கே மாட்டிக்கொண்டு நிற்காது.

அறையில் 'ஸ', 'ச' எல்லாம் கூர்மையாகக் குத்தியது இன்னொரு குறை. தரையில் பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தோம், எதிர்ச் சுவரில் சென்னிமலைப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டோம். குத்தல் கணிசமாக அடங்கியது. ஆனால் இதிலும் ஒரு எல்லை உண்டு. சில மில்லிமீட்டர் தடிப்புள்ள துணி உச்ச சுரங்களைத்தான் உறிஞ்சும். ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தில் கால் பங்கு தடிப்பாவது வேண்டும் என்பது தோராயக் கணக்கு. 50 ஹெர்ட்ஸுக்கு அது 1.7 மீட்டர். வீட்டிலுள்ள இலவம்பஞ்சு மெத்தை எல்லாவற்றையும் அடுக்கினாலும் போதாது. துணியை மட்டும் அதிகமாகப் போட்டால் உச்சம் செத்து அடிச் சத்தம் மட்டும் 'கும்' என்று மிஞ்சும். அளவோடு போட வேண்டும்.

மறுநாள் அதிகாலை நாலரைக்கு எழுந்தபோது அடுத்த காரணம் தெரிந்தது. மாமா பால் கறக்கப் போவதற்கு முன்னால் காபியோடு பத்து நிமிடம் பாட்டுக் கேட்பார். வீட்டில் எல்லாரும் தூங்குகிற நேரம், அதனால் பக்கத்தில் பேசுகிற சத்தத்தைவிடக் குறைவாக வைப்பார். இந்த இடத்தில் காதின் இயல்பு ஒன்று குறுக்கே வருகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த சுரங்களைக் கேட்கும் திறன் மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது. இன்றைய தரக்கணக்குப்படி, 1000 ஹெர்ட்ஸ் சுரம் 80 டெசிபலில் ஒலிக்கும்போது 50 ஹெர்ட்ஸ் அதே அளவு கேட்க ஏறக்குறைய 22 டெசிபல் கூடுதலாகத் தர வேண்டும். 40 டெசிபலில் ஒலிக்கும்போது 38 டெசிபல். மெதுவாக வைத்தால் காதே பேஸை, அதாவது தாழ்ந்த சுரங்களை, திருடிவிடுகிறது என்று அர்த்தம்.

பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருந்ததற்குக் காரணம் இதுதான். மாமாவின் 4440 செட்டில் அது இல்லை, பேஸ் குமிழ் இருந்தது. அதை அவர் முழுக்கத் திருகியே வைத்திருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். உண்மையில் அவர் காதின் குறையைக் கையால் சரிசெய்துகொண்டிருந்தார். நான் வாங்கிக் கொடுத்த புது ஆம்ப்ளிஃபயரில் பேஸ், ட்ரெபிள் (உச்ச சுரம்) குமிழே கிடையாது. சிக்னல் போகும் வழியில் எதுவும் குறுக்கிடக்கூடாது என்ற கொள்கையில் வந்த வடிவமைப்பு அது. துல்லியம் என்ற பெயரில் அவர் கையிலிருந்த ஒரே கருவியை நான் பிடுங்கியிருக்கிறேன். இதை அவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "அட உடுங் மாப்ள, அதுக்கென்ன" என்றார்.

இதையெல்லாம் கழித்த பிறகும் மாமாவுக்குக் கொஞ்சம் கூடுதல் பேஸ் வேண்டும்தான். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஊர்தான் பதில். நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) ஜமாப் மேளம் அடிக்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த அடி காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழும். அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு மேளம் என்றால் அதுதான். 5 இஞ்ச் வூஃபர் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரசரவென்று இறங்கிவிடும். நெஞ்சில் தட்டும் பகுதி அதிலிருந்து வராது. ஆக அவர் பேஸ் கேட்டது ருசி மட்டுமில்லை. பதிவில் இருப்பது முழுசாக வரவில்லை என்ற துல்லியக் குறையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் பஸ். ஈரோடு, கோபி, சத்தி, பொள்ளாச்சி, தாராபுரம் என்று ஓடும் தனியார் பஸ்களில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எந்த பஸ்ஸில் செட் நன்றாக இருக்கும் என்று பார்த்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. எஞ்சின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அது பாட்டின் பேஸை மூடிவிடும். அதனால் பஸ்ஸில் பேஸைத் தூக்கி வைப்பது தப்பே இல்லை, அந்த இடத்துக்கு அதுதான் சரி. சிக்கல் எங்கே என்றால், பதினைந்து வருடம் அப்படிக் கேட்ட காது, எஞ்சின் இல்லாத ஹாலிலும் அதே அளவை எதிர்பார்க்கிறது. இதைப் பழக்கம் என்று சொல்லலாம். குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழக்கத்தைக் கழித்துவிட்டால் மனிதர்களின் ருசி எவ்வளவு வேறுபடும்? இதை ஒழுங்காகச் சோதித்தவர்களில் முக்கியமானவர் ஃபிளாய்ட் டூல். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் இருந்தபோது, எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வைத்து, சத்த அளவைச் சமப்படுத்தி, கேட்பவர்களிடம் மதிப்பெண் வாங்கினார். சத்தத்தைச் சமப்படுத்துவது மிக முக்கியம். கொஞ்சம் சத்தமாகப் பாடும் பெட்டி 'நன்றாக' இருப்பதாகவே படும். கடைகளில் நாம் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அந்தச் சோதனைகளில், கோடு நேராகவும் பக்கவாட்டில் போகும் ஒலி சீராகவும் இருந்த ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் திரும்பத் திரும்ப உயர்த்தினார்கள். பிற்பாடு ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் செய்த சோதனையில், திரை வைத்தும் திரையை எடுத்துவிட்டும் அதே ஆட்களிடம் அதே ஸ்பீக்கர்களைக் கேட்கச் செய்தார்கள். திரை இல்லாதபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, சின்ன மலிவான செட்டுக்கு இறங்கியது. காது மாறவில்லை, கண் திறந்துகொண்டது. 2003-இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில் 268 பேர் கலந்துகொண்டார்கள். பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஸ்பீக்கர்களை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் அடுக்கினார்கள்.

பக்கவாட்டு ஒலி என்றதும் அத்தை ஞாபகம் வருகிறார். அவர் பாட்டுக் கேட்பது அடுப்படியிலிருந்து. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவர் காதுக்கு வருவதெல்லாம் ஓரமாகப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி. புது ஸ்பீக்கர் அவருக்கு முதல் நாளிலிருந்தே பிடித்துவிட்டது. "வார்த்த ஒண்ணொண்ணும் புரியுதுங் கண்ணு" என்றார். மாமாவுக்குச் சப்பென்று இருந்த அதே ஸ்பீக்கர்.

ஆனாலும் எல்லாருக்கும் ஒரே ருசி என்று முடித்துவிட முடியாது. ஹெட்ஃபோனில் ஹார்மன் குழு செய்த ஆய்வில், எந்த சுரம் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று அவர்கள் வகுத்த பொது அளவு 64 சதவீதம் பேருக்குப் பிடித்தது. 15 சதவீதம் பேர் அதைவிடக் கூடுதல் பேஸ் கேட்டார்கள். 21 சதவீதம் பேர் குறைவாகக் கேட்டார்கள். ஆக உண்மையான ருசி வேறுபாடு இருக்கிறது. அது பெரும்பாலும் பேஸ் எவ்வளவு என்பதில், சில டெசிபல்களுக்குள் இருக்கிறது. ஒரு குமிழுக்குள் அடங்கும் சமாசாரம்.

துல்லியக் கட்சிக்காரர்கள் மறக்கும் இன்னொன்று, பதிவே துல்லியமாக இல்லை என்பது. பாட்டை மிக்ஸ் செய்தவர் (குரலையும் கருவிகளையும் கலந்து பதிவை முடித்தவர்) எந்த ஸ்பீக்கரில், எந்த அறையில் கேட்டு முடிவு செய்தாரோ அதன் குறையெல்லாம் தலைகீழாகப் பாட்டில் ஏறியிருக்கும். பேஸ் குறைவான ஸ்பீக்கரில் கேட்டால் பேஸைக் கூட்டி வைப்பார். யமஹா என்.எஸ்.10 என்ற ஸ்பீக்கர் 1978-இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்தது. வீடுகளில் எடுபடவில்லை. ஆனால் அதன் நடுப்பகுதி தூக்கலான ஒலி பதிவுக் குறைகளைக் காட்டிக்கொடுத்ததால் உலகமெங்கும் ஸ்டூடியோக்களில் இடம்பிடித்தது. நாம் கேட்கும் எத்தனையோ பாட்டுகள் இந்த மாதிரி ஸ்பீக்கர்களின் முன்னால் தீர்மானிக்கப்பட்டவை. கேசட் காலத்திலும் இதுபோல் ஒன்று நடந்தது. டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு முறையில் பதிவான கேசட்டில் மெல்லிய உச்ச சுரங்கள் வேண்டுமென்றே தூக்கிப் பதியப்பட்டிருக்கும். டால்பி இல்லாத டெக்கில் போட்டால் அவை இறங்காமல் பளிச்சென்று கேட்கும். அந்தப் பளிச்சென்ற ஒலிதான் 'ஒரிஜினல்' என்று மனதில் பதிந்தவர்கள் நம்மிடையே ஏராளம். இதில் எந்த ஒலியைத் துல்லியம் என்று பிடித்துக்கொள்வது? அதனால்தான் கருவியாவது தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் இருக்கட்டும் என்கிறேன்.

வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு பிரியர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒற்றை வால்வ் வடிவமைப்புகள் முழுச் சத்தத்தில் சில சதவீதம் டிஸ்டார்ஷன் சேர்க்கின்றன. அது பெரும்பாலும் மூல சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் காதுக்கு இணக்கமாக, கனமாக இருக்கிறது. பிடித்திருந்தால் தாராளமாகக் கேட்கலாம். 'இதுதான் நிஜமான ஒலி' என்று சொல்லும்போதுதான் எனக்கு ஒப்பவில்லை. அது சேர்த்த ருசி. பெட்டிக்குள் சேர்த்துப் பூட்டிய ருசியை, வேண்டாத பாட்டுக்கு எடுத்துவிட முடியாது. குமிழில் சேர்த்த ருசியைத் திருகி எடுத்துவிடலாம். உப்பு சட்டியில் விழுந்ததற்கும் இலையோரத்தில் வைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான்.

மாமா வீட்டில் கடைசியில் செய்தது பெரிய வேலை இல்லை. நாற்காலியை இரண்டரை அடி பின்னால் தள்ளினோம். ஸ்பீக்கர்களை அப்படியே விட்டுவிட்டு, தனியாகச் சத்தக் குமிழ் உள்ள ஒரு சப்வூஃபரை (பேஸ் மட்டும் பாடும் பெட்டியை) சோபா ஓரத்தில் மாமாவின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம். போனில் ஒரு செயலியை வைத்து அளந்து, ஸ்பீக்கரோடு சமமாகச் சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, குமிழில் என் தங்கை நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தாள். அது அளவின் புள்ளி. மாமா இரண்டு நாள் கேட்டுவிட்டு அதற்குக் கொஞ்சம் மேலே, பகலுக்கென்று இன்னொரு புள்ளி வைக்கச் சொன்னார். அதிகாலைக்கு மூன்றாவது. நாற்காலிக்கு மேலே இப்போது ஃபேன் காற்று சரியாக வருவதில்லை என்பதால், பின்சுவரில் ஒரு வால் ஃபேன் மாட்டிக்கொண்டார்.